டிஸ்சார்ஜ் பையில பால் புட்டி வச்சுக் குடுத்திருக்காங்க, தங்கச்சிக்கு பால் பத்தலைன்னு சொல்றாங்க, என்ன பண்றது?

வலங்கைமான் தாய்மாமன் (இரவு 11.40)

எல்லாருக்கும் வணக்கம். நான் ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் செய்வேன், எழுதுறது இதான் மொத தடவ. ஆம்பளை இதெல்லாம் கேக்கலாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன், ஆனா வீட்டு நெலமைய பாத்தா கேக்காம இருக்க முடியல.

தங்கச்சிக்கு தலைப்பிரசவம், எங்க வீட்லதான் இருக்கா. கும்பகோணத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணி பொண் கொழந்த பொறந்துச்சு, 2 கிலோ 900. அன்னைக்கு ராத்திரி முழுக்க அவள ஒரு ரூம்லயும் கொழந்தய வேற ரூம்லயும் வச்சிருந்தாங்க, தாய்க்கு ரெஸ்ட் வேணும்னு சொன்னாங்க, நாங்களும் சரின்னுட்டோம். மறுநாள் காலைல ஒரு சிஸ்டர் வந்து அமுக்கிப் பாத்துட்டு பால் இல்ல, கொழந்த பசியில கத்துது, கீழ மெடிக்கல்ல இத வாங்கிட்டு வாங்கன்னு ஒரு சீட்டு குடுத்தாங்க. கையால எழுதுன சீட்டு இல்ல, பால் பவுடர் பேரு அச்சடிச்சு ரெடியா வச்சிருந்த சீட்டு. கொழந்த கத்துற சத்தம் காதுல விழுது, நான் யோசிப்பேனா, ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன். அஞ்சாம் நாள் டிஸ்சார்ஜ் அப்போ எடை 2 கிலோ 700, பாத்தீங்களா எடை எறங்கிடுச்சு டின் பால விட்றாதீங்கன்னு சொல்லி அனுப்புனாங்க. கூட ஒரு துணிப்பை, அதுல ஒரு புட்டி, ரெண்டு நிப்பிள், சின்ன பவுடர் பாக்கெட்டு, எத்தன மணிக்கு எத்தன ஸ்பூன்னு ஒரு அட்டை. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் தங்கச்சி போனுக்கு ஒரு லேடி கூப்ட்டு நான் சத்துணவு ஆலோசகர் பேசுறேன், பாப்பா எப்டி இருக்கா, எந்த பவுடர் குடுக்கிறீங்கன்னு கேக்குறாங்க. நம்பர் எப்டி போச்சுன்னே தெரியல.

இப்ப பத்தொம்பது நாள். ஒரு நாளைக்கு அஞ்சு தடவ 60 மில்லி டின் பால் போகுது, ரெண்டாவது டின் பாதிக்கு வந்துடுச்சு. கொழந்த இப்பல்லாம் மார்ல வச்சாலே மொகத்த திருப்பிக்கிட்டு அழுவுது. அம்மா பூண்டு வதக்கிக் குடுக்குறாங்க, பால் சுறா புட்டு, முருங்கக்கீரைன்னு தெனமும் ஒன்னு. அவ மாமியார் வந்து பாத்துட்டு எங்க குடும்பத்துல யாருக்கும் பால் இல்லாம போனதில்லைன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு போனாங்க, அன்னைலேந்து அவ சரியா சாப்பிடவே இல்ல.

அவளுக்கு உண்மையிலயே பால் இல்லையா? டின் பால நிறுத்த முடியுமா, இல்ல லேட்டாயிடுச்சா? ஆஸ்பத்திரில பண்ணதெல்லாம் வழக்கமா எல்லா எடத்துலயும் பண்றதுதானா?

மன்னார்குடி ரெண்டு புள்ளைக்காரி (இரவு 12.15)

அண்ணா மொதல்ல தங்கச்சிகிட்ட போய் சொல்லுங்க, அவ மேல எந்தத் தப்பும் இல்லைன்னு. எனக்கு மூத்தவனுக்கு இதே கதைதான், ஊரு பேரு மட்டும் மாத்திக்கிட்டா போதும். எனக்கும் ஆபரேஷன், எனக்கும் ரெண்டாம் நாள் பால் இல்லைன்னு டின்னு, புட்டியில ஈசியா வர்றத குடிச்சு பழகிட்டு அவன் மார்ல வச்சா ஒரே ரகள. நாலு மாசத்துல பால் சுத்தமா நின்னு போச்சு. எட்டாம் மாசம் வரைக்கும் மாசம் ஏழு டின், வீட்டுக்காரருக்கு அப்ப சம்பளம் 9000 ரூபா. கடைசி வாரத்துல டின்ன இழுத்துப் பிடிக்கணும்னு மூணு ஸ்பூன் போடுற எடத்துல ரெண்டு போட்டுருக்கேன், அது தப்புன்னு அப்ப யாரும் சொல்லல, இப்ப நெனச்சாலும் வயித்த என்னமோ பண்ணுது.

சின்னவளுக்கு பி.எச்.சி நர்ஸம்மா சொன்னபடி பொறந்த ஒடனே மார் மேல போட்டோம், ரெண்டு வயசு வரைக்கும் குடிச்சா. ஒடம்பு அதே ஒடம்புதான், பால் மட்டும் எங்கேந்து வந்துச்சு? அப்பதான் புரிஞ்சுது மொத தடவையும் இருந்திருக்கு, வர விடல.

பத்தொம்பது நாள்தானே, லேட்டே இல்ல. டெக்னிக்கலா சொல்ல எனக்கு தெரியாது, இங்க வேதாரண்யம் அம்மா ஒருத்தங்க இருக்காங்க, அவங்க பாத்தா எழுதுவாங்க. அதுக்குள்ள ஒன்னு பண்ணுங்க, அந்த போன் நம்பர பிளாக் பண்ணிடுங்க.

வேதாரண்யம் நர்ஸம்மா (காலை 5.50)

தம்பி, நான் கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டயர் ஆனவ. கேக்கலாமான்னு யோசிச்சேன்னு எழுதியிருக்கீங்க, தாய்மாமன் கேக்காம வேற யாரு கேப்பா, நல்லா கேட்டீங்க.

ஒவ்வொன்னா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும். கொழந்த பொறந்த அன்னைக்கு அதோட வயிறு ரொம்ப சின்னது, ஒரு தடவைக்கு 5, 7 மில்லி போதும். அதுக்கு ஏத்த மாதிரிதான் மொத ரெண்டு மூணு நாள் சீம்பால் வருது, கெட்டியா மஞ்சளா சொட்டு சொட்டா. அமுக்கிப் பாத்தா பீச்சி அடிக்காது, அடிக்கவும் கூடாது. ஆபரேஷன் ஆனவங்களுக்கு பால் எறங்க இன்னும் ஒரு நாள் கூட ஆகலாம். ஆக ரெண்டாம் நாள் காலைல அமுக்கிப் பாத்து பால் இல்லன்னு சொன்னா, அந்தப் பேச்சே தப்பு. அந்த நேரத்துல எந்தத் தாய அமுக்கிப் பாத்தாலும் அப்படித்தான் இருக்கும்.

அடுத்தது எடை. 2 கிலோ 900ல இருந்து 2 கிலோ 700, கொறைஞ்சது 200 கிராம், நூத்துக்கு ஏழு கூட வரல. எல்லாக் கொழந்தைக்கும் மொத வாரத்துல எடை எறங்கும், நூத்துக்கு ஏழு வரைக்கும் பயப்பட ஒன்னுமில்ல, பத்த தொட்டாதான் கவலப்படணும். ரெண்டு வாரத்துல பொறந்த எடைக்கு திரும்பி வந்துடும். இத சொல்லி உங்கள தைரியப்படுத்தி அனுப்பியிருக்கணும், பயமுறுத்தி அனுப்பியிருக்காங்க.

இப்ப பால் ஏன் கொறையுதுன்னு கேளுங்க. கொழந்த சப்பினாதான் மூளைக்கு சேதி போகும், சேதி போனாதான் சுரக்கும், மார்ல பால் தேங்கி நின்னா ஒடம்பு இதுக்கு மேல வேணாம்னு நிறுத்திக்கும். எறைக்கிற கேணிதான் ஊறும், இது எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. நீங்க ஒரு நாளைக்கு 300 மில்லி வெளிலேந்து குடுக்குறீங்க, அந்த 300 மில்லிக்கு கொழந்த கேக்கல, ஒடம்பு சுரக்கல. பால் பத்தலன்னு டின் குடுத்தோம்னு நெனைக்கிறீங்க, டின் குடுத்ததாலதான் பத்தாம போச்சு.

ஆனா ஒன்னு, இத படிச்சிட்டு நாளைக்கே டின்ன தூக்கிப் போட்றாதீங்க. படிப்படியாதான் கொறைக்கணும். புட்டிய மட்டும் இன்னைக்கே விட்டுடலாம், குடுக்க வேண்டியத பாலாடையில, அதான் கொழந்தைக்கு பால் ஊட்டுற மூக்கு வச்ச சின்ன கிண்ணத்துல குடுங்க, உங்க அம்மாகிட்ட வெள்ளிப் பாலாடை இருக்கும், இல்லன்னா சின்ன எவர்சில்வர் டம்ளர்லயே குடுக்கலாம், கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்துட்டு. ஒவ்வொரு தடவையும் மொதல்ல மார், ரெண்டு பக்கமும், அதுக்கப்பறம்தான் பாலாடை. கொழந்த பசி தாங்காம கத்தும்போது மார்ல வச்சா பழகாது, தூக்கத்துலேந்து லேசா வாய சப்பிக்கிட்டு அசையும் பாருங்க, அப்ப வைங்க. கொழந்த சட்டைய கழட்டிட்டு அம்மா நெஞ்சு மேல வெறும் ஒடம்பா ஒரு மணி நேரம் படுக்க வைங்க, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ, கதவ சாத்திட்டு, யாரும் உள்ள போயி எட்டிப் பாக்காம. ராத்திரி பால் ரொம்ப முக்கியம், சுரக்க வைக்கிற ஹார்மோன் ராத்திரிலதான் ஜாஸ்தி. ராத்திரி நான் பாத்துக்கறேன் நீ தூங்குன்னு சொல்லி அம்மாச்சி புட்டி குடுக்குறது பாசம்தான், ஆனா பால் கொறையறது அங்கதான்.

வாய்ல காம்பு மட்டும் இருந்தா வலிக்கும், பாலும் வராது. காம்ப சுத்தி இருக்குற கருப்பு பாகம் முக்காவாசி உள்ள போகணும், கீழ் ஒதடு வெளிய மடங்கி இருக்கணும், தாடை மார்ல ஒட்டி இருக்கணும். ஆபரேஷன் தையல் இழுக்குதுன்னா ஒருக்களிச்சு படுத்துட்டு குடுக்கலாம், இல்ல கொழந்தய இடுப்புப் பக்கமா தலகாணி வச்சு கையிடுக்குல வச்சுக்கலாம். குடுத்து முடிச்சதும் மிச்சத்த கையால கறந்து எடுத்து அத பாலாடையில குடுங்க, டின்னுக்கு பதிலா. கறந்த பால் மூடி வச்சா நாலு மணி நேரம் வெளிலயே தாங்கும்.

இத நாலு நாள் பண்ணுங்க, அப்பறம் 60 மில்லிய 50 ஆக்குங்க, ரெண்டு மூணு நாள் கழிச்சு 40. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல ஒண்ணுக்கு போவுதா, வெளுப்பா போவுதான்னு பாருங்க. வாரம் ஒரு தடவ அங்கன்வாடிலயோ சப் சென்டர்லயோ எடை போடுங்க, ஒரு நாளைக்கு 20லேந்து 30 கிராம் கணக்குல ஏறினா போதும். ஒண்ணுக்கு கொறைஞ்சா, கொழந்த எழுப்பியும் எழுந்திரிக்காம சோந்து கெடந்தா, காய்ச்சல் அடிச்சா, மஞ்சளா தெரிஞ்சா அன்னைக்கே ஆஸ்பத்திரி, இங்க எழுதி பதிலுக்கு காத்துக்கிட்டு இருக்காதீங்க.

பூண்டு, பால் சுறா, கீரை எல்லாம் நல்ல சாப்பாடுதான், குடுங்க. ஆனா சப்பாம புட்டு மட்டும் சாப்ட்டா பால் வராது. பொறந்த கொழந்த நாக்குல வைக்கிற சேனை, சர்க்கரைத் தண்ணி, தெருவுல கூவிட்டு வர்ற கழுதப்பால், வசம்பு இதெல்லாம் வேணவே வேணாம். ஆறு மாசம் வரைக்கும் பச்சத்தண்ணி கூட வேணாம், வெயில் காலம்னாலும் வேணாம், தாய்ப்பாலே முக்காவாசிக்கு மேல தண்ணிதான்.

அந்த மாமியார் சொன்னத மனசுல வச்சுக்க வேணாம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. நல்லா தூங்கி, நாலு நல்ல வார்த்த கேட்டா பால் எறங்குற வேகமே வேற. இது சும்மா ஆறுதலுக்கு சொல்றது இல்ல, பயமும் வலியும் பால் எறங்கறத தடுக்கும்.

வலங்கைமான் தாய்மாமன் (காலை 8.20)

அம்மா ரொம்ப நன்றி. நீங்க எழுதுனத அப்படியே தங்கச்சிக்கு படிச்சுக் காட்டுனேன், எடை கணக்க கேட்டதும் அழுதுட்டா, இத அன்னைக்கே யாராச்சும் சொல்லியிருக்கலாமேன்னு. பாலாடை பரண்ல இருந்துச்சு, என்னைய வளத்த அதே பாலாடையாம், அம்மா புளி போட்டு தேச்சிட்டு இருக்காங்க.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு அடங்கல. அச்சடிச்ச சீட்டு, பை, போன் நம்பர், இதெல்லாம் ஒரு சிஸ்டர் தானா பண்ண முடியுமா?

மாயவரம் மெடிக்கல் (காலை 10.05)

தானா பண்ண முடியாது தம்பி. நான் இப்ப மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் குழந்தை உணவு கம்பெனி ஒன்னுல ரெப்பா இருந்தேன், தஞ்சாவூர் கும்பகோணம் மாயவரம் நாகப்பட்டினம் எல்லாம் என் லைன்தான். நான் செஞ்சத நானே சொல்றேன், கம்பெனி பேரு வேணாம்.

எங்களுக்கு மாசா மாசம் டார்கெட் இருந்துச்சு, எந்த ஆஸ்பத்திரில எத்தன பிரசவம், அதுல எத்தன கொழந்தைக்கு நம்ம டின்னு. எல்லாமே மொத மூணு நாள்தான்னு ட்ரெய்னிங்லயே சொல்லிக் குடுத்தாங்க, மொத டின் எதுவோ அதத்தான் அந்தக் குடும்பம் கடைசி வரைக்கும் வாங்கும், மாத்தினா கொழந்தைக்கு ஒத்துக்காதுன்னு பயம் இருக்கும். அதனால டாக்டர விட வார்டு சிஸ்டர்தான் எங்களுக்கு முக்கியம். அவங்க வீட்டு விசேஷத்துக்கு மிக்ஸி, குக்கர், தீபாவளிக்கு பட்டாசு பாக்ஸ், டாக்டர்களுக்கு மீட்டிங்குன்னு பேரு வச்சு ஹோட்டல்ல சாப்பாடு, சில பேருக்கு டூர். பிரசவ ரிஜிஸ்டர்லேந்து போன் நம்பர் எப்டி வெளிய வந்துச்சுன்னு உங்களுக்கு இப்ப புரிஞ்சிருக்கும். அந்த லேடி ஆலோசகர் இல்ல, சேல்ஸ் ஆள்.

நான் ஒரு நாள் வார்டுல நிக்கும்போது நடவு வேலைக்கு போற ஒரு அம்மா, கொள்ளிடக்கரை பக்கம், கொழந்த பொறந்து ரெண்டு நாளு, சேலை முந்தானைல முடிஞ்சு வச்சிருந்த காச எண்ணி எண்ணி என்கிட்டயே குடுத்து இது போதுமாய்யான்னு கேட்டாங்க. அவங்க மார்ல பால் சேலை நனைஞ்சு சொட்டிக்கிட்டு இருந்துச்சு தம்பி. அந்த மாசத்தோட வேலைய விட்டேன்.

இப்ப சட்டத்துக்கு வர்றேன், இது நெறைய பேருக்கு தெரியல. 1992லயே இதுக்குன்னு தனியா ஒரு மத்திய சட்டம் இருக்கு, குழந்தைப் பால் மாற்றுப் பொருட்கள், பால் புட்டி, குழந்தை உணவு இதுங்களுக்கு. ஐ.எம்.எஸ் சட்டம்னு சுருக்கமா சொல்வாங்க. 1993 ஆகஸ்ட் 1லேந்து அமல்ல இருக்கு, 2003ல இன்னும் இறுக்குனாங்க. ரெண்டு வயசு வரைக்கும் உள்ள எந்த பால் பவுடர், குழந்தை உணவு, புட்டிக்கும் விளம்பரமே பண்ணக்கூடாது, டிவியா இருந்தாலும் போனா இருந்தாலும். இலவச சாம்பிள் கூடாது, பரிசு கூடாது, தள்ளுபடி கூடாது, கம்பெனி ஆளு கர்ப்பிணியவோ தாயவோ தேடிப் போய் பேசக்கூடாது. ஆஸ்பத்திரில போஸ்டர் ஒட்டக்கூடாது, டாக்டர் நர்சுக்கு பணமோ பரிசோ குடுக்கக்கூடாது, அவங்க மாநாட்டுக்கு ஸ்பான்சர் பண்ணக்கூடாது, வித்த அளவுக்கு ஏத்த மாதிரி ஊழியருக்கு கமிஷன் கூட குடுக்கக்கூடாது. டின் மேல கொழந்த படம் போடக்கூடாது, உங்க டின்ன எடுத்துப் பாருங்க, கரடி படமோ பூ படமோதான் இருக்கும், தாய்ப்பாலே சிறந்ததுன்னு பெருசா போட்டிருக்கணும். அப்ப எங்களுக்கு டார்கெட்டு வச்சதே இந்த சட்டம் அமல்ல இருக்கும்போதுதான்.

உங்க விஷயத்துல பை, புட்டி, பாக்கெட்டு, போன் கால் நாலுமே சட்டவிரோதம். மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 5000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்னு இருக்கு. அந்த 5000 அப்ப எழுதுனது, இன்னைக்கு அது பன்னெண்டு டின் விலை கூட இல்ல, அவங்களுக்கு அது ஒரு காசே இல்ல. ஆனா கேஸ்ல பேரு வர்றது அவங்களுக்கு பயம், அத நான் உள்ள இருந்து பாத்திருக்கேன்.

இன்னொரு தந்திரம் சொல்றேன் கவனமா பாருங்க. ரெண்டு வயசுக்கு மேல உள்ள கொழந்தைங்க பவுடருக்கு இந்த சட்டம் இல்ல, அதனால அதுக்கு டிவில தாராளமா விளம்பரம் வரும். அதே கலரு, அதே எழுத்து, பேருல நம்பர் மட்டும் மாறும். நீங்க பாக்குறது பெரிய புள்ளைங்க விளம்பரம், மனசுல பதியிறது கைக்கொழந்த டின்னு.

பட்டுக்கோட்டை அத்தை (மதியம் 1.30)

எல்லாம் சரிங்க, படிச்சேன். ஆனா ஒன்னு சொல்லணும்னு தோணுது, கோவிச்சுக்காதீங்க. எங்க அக்கா பிரசவம் ஆன மறுநாளே ரத்தப்போக்குல போயிட்டா. அந்தப் பையன நான்தான் வளத்தேன், டின் பால்லதான் வளத்தேன், இப்ப பதினொன்னாவது படிக்கிறான். நான் புட்டியோட பஸ்ல ஒக்காந்திருக்கும்போது தெரியாதவங்கல்லாம் ஏம்மா தாய்ப்பால் குடுக்கக்கூடாதான்னு என்னைய கேட்டுருக்காங்க. அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்றது. டின் பால் விஷம் மாதிரி பேசாதீங்க, அது இல்லன்னா என் புள்ள இல்ல.

வேதாரண்யம் நர்ஸம்மா (மதியம் 2.10)

அம்மா நீங்க செஞ்சது பெரிய காரியம், உங்கள கேள்வி கேட்டவங்கதான் தலை குனியணும். தாய் இல்லாத கொழந்தைக்கும், தத்தெடுத்த கொழந்தைக்கும், சில வியாதிக்கு மருந்து சாப்புடுற தாய்க்கும் இது வேணும். சட்டமும் டின்ன விக்காதேன்னு சொல்லல, பால் இருக்குற தாய்கிட்ட உனக்கு பால் இல்லன்னு சொல்லி விக்காதேன்னுதான் சொல்லுது. குடுக்க வேண்டி வந்தா எப்டி குடுக்கணும்னு இத படிக்கிறவங்களுக்காக எழுதிடறேன். தண்ணிய நல்லா கொதிக்க வச்சு அரை மணி நேரத்துக்குள்ள, சூடு இருக்கும்போதே பவுடர் கலக்கணும், ஏன்னா டின்ல இருக்குற பவுடரும் கிருமி இல்லாதது கிடையாது, அந்தச் சூட்டுலதான் சாவும். அப்பறம் ஆற வச்சு கையில சொட்டு விட்டு பாத்துட்டு குடுக்கணும். அளவு ஸ்பூன் தலதட்டி, டின்ல போட்டுருக்குற அதே கணக்கு, கூடவும் கூடாது கொறையவும் கூடாது. குடிச்ச மிச்சத்த எடுத்து வைக்கக்கூடாது.

கஜா புயல் அப்ப நான் பட்டத சொல்றேன். 2018 நவம்பர் 16 விடிகாலை எங்க பக்கம்தான் கரைய கடந்துச்சு. வாரக்கணக்குல கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல, எங்க ஊருல ஏற்கனவே நெலத்தடித் தண்ணி உப்பு. நிவாரண லாரில நல்ல மனசோட எங்கேங்கேந்தோ அனுப்புனாங்க, அதுல பால் பவுடரும் புட்டியும் மூட்டையா. தென்னை சாஞ்சு வீடு போயி நிக்குற தாய்ங்க கைல அத குடுத்தா வாங்கத்தான செய்வாங்க. வெறகு நனைஞ்சு கெடக்கு, எதுல தண்ணி காய்ச்சறது, எதுல புட்டி கழுவறது? நல்லா தாய்ப்பால் குடிச்சிட்டு இருந்த கொழந்தைங்களுக்கு ஒரே வாரத்துல வயித்தால போக ஆரம்பிச்சுது. நான் முகாம் முகாமா போயி புட்டிய வாங்கி வச்சுட்டு தாய்ங்கள ஒக்கார வச்சு பால் குடுக்க வச்சேன், வாங்கும்போது என்னைய திட்டுனவங்க உண்டு. அநாத இல்லத்த தவிர வேற எங்கயும் இத தானமா குடுக்கக்கூடாதுன்னும் அந்த சட்டத்துலயே இருக்கு. அடுத்த புயலுக்கு நிவாரணம் அனுப்புறவங்க யாராச்சும் இத படிச்சா, தாய்க்கு சாப்பாடும் நல்ல தண்ணியும் அனுப்புங்க, கொழந்தைக்கு அவ குடுத்துக்குவா.

வலங்கைமான் தாய்மாமன் (மாலை 6.45)

மாயவரம் அண்ணன் எழுதுனத படிச்சதுலேந்து மனசு ஒரு மாதிரி இருக்கு. இது நம்ம பக்கம் மட்டும்தானா, இல்ல எல்லா நாட்லயும் இப்படியா?

திருவாரூர் வாத்தியார் (இரவு 9.20)

நம்ம பக்கம் மட்டும் இல்ல தம்பி, ஏழ நாடு பலதுலயும் நடந்திருக்கு. நான் வரலாறு எடுக்கிறவன், இத ரொம்ப வருஷமா தேடித்தேடி படிச்சிட்டு வர்றேன்.

1939ல சிங்கப்பூர்ல சிசிலி வில்லியம்ஸ்னு ஒரு டாக்டரம்மா, ரோட்டரி கிளப்புல பெரிய மனுஷங்க முன்னாடி நின்னு பேசுனாங்க. கொழந்தைங்களுக்கு டின் பால் நல்லதுன்னு பண்ற பொய்ப் பிரச்சாரத்தால வர்ற சாவ கொலைன்னுதான் எடுத்துக்கணும்னு மொகத்துக்கு நேராவே சொன்னாங்க. அப்ப அங்க வித்தது இனிப்பு கண்டென்ஸ்டு பால். அதுக்கப்பறமும் நிக்கல, ஆப்பிரிக்காவுலயும் ஆசியாவுலயும் கம்பெனிங்க சேல்ஸ் பொண்ணுங்களுக்கு நர்ஸ் மாதிரி வெள்ள உடுப்பு போட்டு பிரசவ வார்டுக்கு அனுப்புனாங்க, பால் நர்ஸ்னே அவங்களுக்கு பேரு. உங்க தங்கச்சிக்கு போன் பண்ண ஆலோசகர் யாரு வழி வந்தவங்கன்னு இப்ப பாருங்க, அன்னைக்கு வெள்ள உடுப்பு, இன்னைக்கு போன்.

எனக்கு ரொம்ப புடிச்சது பிலிப்பைன்ஸ்ல பாகியோன்னு மலை ஊரு, அங்க அரசு ஆஸ்பத்திரில குழந்தைகள் பிரிவு தலைவரா இருந்த நத்திவிதாத் கிளவானோன்னு ஒரு அம்மா. அவங்களும் மொதல்ல எல்லாரையும் போல கொழந்தய தனியா நர்சரில வச்சு புட்டி குடுத்தவங்கதான். 1975ல எல்லாத்தையும் மாத்துனாங்க. கம்பெனி ஆளுங்க வார்டுக்குள்ள வரக்கூடாது, போஸ்டர் எல்லாம் கிழிச்சாச்சு, கொழந்த பொறந்ததும் தாய்கிட்ட. வயித்துப்போக்கும் தொற்றும் சாவும் கடகடன்னு கொறைஞ்சுது. அதே வார்டு, அதே ஏழத் தாய்ங்க. 1978ல அமெரிக்க செனட்டுல போயி அந்தக் கணக்க வச்சு சாட்சி சொன்னாங்க. உங்க தங்கச்சிக்கு மொத ராத்திரி கொழந்தய வேற ரூம்ல வச்சாங்கன்னு எழுதியிருந்தீங்க இல்ல, பாகியோவுல அம்பது வருஷத்துக்கு முன்னாடியே விட்ட பழக்கம் அது.

1977ல அமெரிக்காவுல சாதாரண ஜனங்க சேந்து, டின் பால் விக்கிற சுவிட்சர்லாந்து கம்பெனி நெஸ்லேயோட சாமான வாங்க மாட்டோம்னு புறக்கணிப்பு ஆரம்பிச்சாங்க. அந்த நெருக்கடில 1981 மே மாசம் ஜெனீவாவுல உலக சுகாதார சபையில தாய்ப்பால் மாற்றுப் பொருள் விற்பனைக்கு ஒரு நெறிமுறை கொண்டு வந்தாங்க. ஆதரவா 118 நாடு, எதிரா ஒரே நாடு, அமெரிக்கா. நம்ம 1992 சட்டம் அதுலேந்து பொறந்ததுதான், பணக்கார நாடு பலதுலயும் இவ்வளவு கறாரான சட்டம் கெடையாது.

முடிஞ்ச கதைன்னு நெனைக்காதீங்க. 2022ல உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் எட்டு நாட்டுல 8500 பெத்தவங்ககிட்டயும் கர்ப்பிணிங்ககிட்டயும் கேட்டதுல பாதிப் பேருக்கு மேல கம்பெனி விளம்பரம் வந்து சேந்திருக்கு, வருஷத்துக்கு 55 பில்லியன் டாலர் வியாபாரம் அது. 2024ல சுவிட்சர்லாந்துல பப்ளிக் ஐன்னு ஒரு அமைப்பு, குழந்தைங்க சத்துமாவ பரிசோதன பண்ணி வெளியிட்டுது. நம்ம நாட்டுல அப்ப வித்த நெஸ்லேயோட செரலாக்ல ஒரு வேளைக்கு கிட்டத்தட்ட 3 கிராம் சேர்த்த சர்க்கரை, அதே கம்பெனி தன் சொந்த நாட்டுல வித்ததுல சேர்த்த சர்க்கரை இல்ல. ஆறு மாசத்துக்கு அப்பறம் உங்க மருமகளுக்கு என்ன குடுக்கலாம்னு யோசிக்கும்போது இத ஞாபகம் வச்சுக்குங்க, மசிச்ச சோறும் பருப்பும் நெய்யும் போதும்.

மாயவரம் மெடிக்கல் (இரவு 10.00)

தம்பி, அந்தப் பைய தூக்கிப் போட்றாதீங்க. பை, புட்டி, பாக்கெட்டு, அச்சடிச்ச சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாத்தையும் போட்டோ எடுங்க, போன் வந்த தேதி நேரம் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. வலங்கைமான் திருவாரூர் மாவட்டம், ஆனா ஆஸ்பத்திரி கும்பகோணம்ங்கறதால மனு தஞ்சாவூர் மாவட்டத்துக்கு போகணும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு ஒன்னு, தனியார் ஆஸ்பத்திரிங்கள பாக்குற சுகாதாரப் பணிகள் இணை இயக்குநருக்கு ஒன்னு, கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனு நாள்ல ஒரு காப்பி. பி.பி.என்.ஐன்னு டெல்லில ஒரு அமைப்பு இருக்கு, இந்த சட்டத்துல புகார் குடுக்கவே அரசாங்கம் அதிகாரம் குடுத்த அமைப்பு, அவங்களுக்கும் மெயில் போடுங்க. சிஸ்டர் பேர எழுத வேணாம், பாவம் அவங்க சம்பளம் என்னன்னு எனக்கு தெரியும், கம்பெனி பேரையும் ஆஸ்பத்திரி பேரையும் எழுதுங்க. மனு எழுத ஒத்தாசை வேணும்னா தனியா மெசேஜ் போடுங்க.

வலங்கைமான் தாய்மாமன் (பன்னெண்டு நாள் கழிச்சு)

எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன். புட்டி அன்னைக்கே நிறுத்தியாச்சு. மொத மூணு நாள் ரொம்ப கஷ்டம், ராத்திரி ரெண்டு மணிக்கு கொழந்தயும் அழுவுது தங்கச்சியும் அழுவுறா, அம்மா ஒரு தடவ போதும்டா அந்தப் புட்டிய எடுன்னே சொல்லிட்டாங்க. நாலாம் நாள் விடியக்காலைல படுத்துக்கிட்டே குடுக்கும்போது தானா புடிச்சு இருவது நிமிஷம் குடிச்சுதாம், முழுங்குற சத்தம் கேட்டுச்சுன்னு அவ என்ன எழுப்பி சொன்னா. இப்ப டின் பால் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ 30 மில்லி மட்டும், பாலாடையில. ஒண்ணுக்கு ஏழு எட்டு தடவ போவுது. அங்கன்வாடில எடை போட்டோம், மொத எடைக்கும் இதுக்கும் பத்து நாள்ல 260 கிராம் ஏறியிருக்கு.

மச்சான் லீவு போட்டுட்டு வந்திருந்தாரு, அவர ஒக்கார வச்சு இந்த பதிலெல்லாம் படிக்க வச்சேன். அவரே அவங்க அம்மாவுக்கு போன் போட்டு பேசுனாரு. அவ மாமியார் நேத்து கருப்பட்டியும் ஒரு கிலோ பூண்டும் குடுத்து விட்டிருந்தாங்க.

மனு திங்கக்கிழமை குடுத்தாச்சு, ரசீது வாங்கிட்டேன். மாயவரம் அண்ணன்தான் எழுதிக் குடுத்தாரு.

வேதாரண்யம் நர்ஸம்மா (அன்னைக்கே, இரவு 7.30)

260 கிராம் ரொம்ப நல்லா இருக்கு தம்பி. அந்த ரெண்டு தடவைய அவசரப்படாம விடுங்க, மொதல்ல பகல்ல குடுக்குறத நிறுத்துங்க, அஞ்சு நாள் கழிச்சு மத்தத. ஆறாவது வாரம் தடுப்பூசி இருக்கு, ஊசி போட்ட ஒடனே மார்ல வச்சா அழுக சீக்கிரம் நிக்கும். அன்னைக்கு எடை போட்டுட்டு எவ்வளவுன்னு இங்க எழுதுங்க.